மூக்குக்குள் போட்ட ஈயம்

அன்று தோட்டத்து ஒபிஸ் விறாந்தையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

மெனேஜர். சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருந்தார்.

காப்புறுதிக் கம்பனி ஆள். கொழும்பிலிருந்து காலை ரயிலில் சிலாபத்தில் இறங்கியவர். கழுத்துப்பட்டி, மடியில் பைல். வந்ததிலிருந்து திரும்பிப் போகிற ரயிலின் நேரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கங்காணி. முன்னேஸ்வரத்து ஆள். தூணோடு நின்றார். வாய் நிறைய வெற்றிலை. அது இருந்தால் பேசத் தேவையில்லை.

என் தங்கச்சி. கீழ்ப்படியில் இருந்தாள். அவளுக்கு ஒருவரும் கதிரை போடவில்லை.

நான். ஒரு பலகை, ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி, நான் செய்த ஒரு சின்ன உழவு மிசின். மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

ஐந்து பேர். மச்சான் இல்லை. அவன் செத்து இருபத்தாறு நாள். கதை அவனைப் பற்றித்தான்.

மச்சான் என்றால் தங்கச்சியின் புருஷன். அந்தத் தென்னந்தோட்டத்து உழவு மிசினை, டிராக்டரை, ஓட்டினவன். பட்டுப்போன தென்னை ஒன்றின் அடிக்கட்டையைச் சங்கிலி போட்டு இழுக்கும்போது மிசினின் முன்பக்கம் எழும்பியது. எழும்பி, பின்பக்கமாகக் கவிழ்ந்து, அவன் மேலே விழுந்தது. சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த கையோடு தோட்டத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. சாரதி சங்கிலியைப் பிழையான இடத்தில் கட்டினார், கவனக்குறைவு என்று அதில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆள் வாசித்துச் சொன்னார். தங்கச்சி அதைத் திருப்பி வாங்கி மடித்தாள்.

"காசு தராட்டிப் போகட்டும் அண்ணை" என்றாள். "நாளைக்குப் பிள்ளையள் வளந்து இதை வாசிக்கக் கூடாது. கொப்பன் கவனமில்லாமச் செத்தவன் எண்டு எழுதிக் கிடக்கக் கூடாது. அந்தச் சொல்லை எடுக்க வேணும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு சொல்லை எடுப்பது.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வன்னியில் மிசின் ஓட்டினேன், மிசின் கழற்றினேன், மிசின் பூட்டினேன். சண்டைக்குள் இந்தக் கரைக்கு வந்து, புத்தளத்துக்குக் கிட்ட மாம்புரிப் பக்கம் இருந்துவிட்டோம். இப்போது ஒரு கராஜில் வேலை. சண்டை முடிந்து மூன்று நாலு வருஷம் கழித்து நடந்த கதை இது.

சின்ன மிசின் செய்யத் தொடங்கியது அகதி முகாமில் இருக்கும்போது. ஓட்ட மிசின் இல்லை. கை சும்மா கிடக்கவில்லை. பால்மா டின்னை வெட்டி, அடித்து, மடித்து, ஈயம் ஒட்டி ஒன்று செய்தேன். பிறகு விடவில்லை. சில்லுக்குச் செருப்பு றப்பர். சில்லின் பல்லை ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்ட வேண்டும். ஸ்டியரிங்குக்குச் சைக்கிள் கம்பி. புகைக்குழாய்க்குப் பேனைக் குழல். முகப்பு வளைவுகளுக்குப் படகு கட்டுகிறவர்களின் பைபர் பசை.

மாம்புரியில் வெங்காயம், மிளகாய் செய்கிறவர்கள் தங்கள் மிசினையே சின்னதாகச் செய்யச் சொல்லி வருவார்கள். கடையில் விற்கிற மாதிரி ஒரு மிசின் ஒருவருக்கும் வேண்டாம். தன்னுடையதுதான் வேண்டும். மட்காட்டில் பூப் போட்டிருந்தால் பூ. கூரையில் பதினொரு பல்ப் இருந்தால் பதினொன்று. பின்னால் மாஷா அல்லாஹ் எழுதியிருந்தால் அந்த எழுத்தின் சரிவும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு ஆள் வந்து, என் மிசினில் இடப்பக்கம் ஒரு நெளிவு இருக்கு, அதைக் காணோமே என்று சண்டை பிடித்தார். அவர் சொன்னது சரி. மறுபடி செய்து கொடுத்தேன்.

அதைப் பொம்மை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பொம்மைக்கு அளவு இல்லை. என்னுடையதற்கு அளவு உண்டு. சாணுக்கு ஒரு விரல். பெரிய மிசினில் ஒரு சாண் என்றால் என்னுடையதில் ஒரு விரல் அகலம். பன்னிரண்டு விரல் ஒரு சாண். அதனால் பன்னிரண்டில் ஒன்று. அளந்ததும் என் கை, வெட்டினதும் என் கை. பிழைக்க இடமில்லை.

கடிதம் வந்த இரண்டாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். மிசினை நிமிர்த்திக் கொப்பறாக் கொட்டிலுக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். சீற் நசிந்து கிடந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம் மடிந்திருந்தது. சாணால் அளந்தேன். கங்காணி வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தென்னை வட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய் எண்ணுகிற மாதிரி.

நான் பார்க்கப் போனது பின்பக்கத்தை. மிசினில் சங்கிலி மாட்டிப் பாரம் இழுக்க வேண்டிய கொழுவி கீழே இருக்கும், அச்சுக்குக் கீழே. அங்கே கட்டினால் எவ்வளவு இழுத்தாலும் முன்சில்லு நிலத்தில் நிற்கும். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் மிசின் தன்னைத்தானே பின்னுக்குப் புரட்டும். ஓட்டுகிறவனுக்கு இது தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

அந்த மிசினில் கீழ்க் கொழுவி இல்லை. முறிந்து எட்டு மாதம். முறிந்த இடம் கறள் பிடித்துக் கிடந்தது. புது முறிவு என்று யாரும் சொல்ல முடியாது.

மச்சான் உயிரோடு இருக்கும்போது எத்தனை தரம் சொன்னான். "மச்சான், கொழுவி வாங்கித் தாங்கோ எண்டு கேட்டால், மேல கட்டி இழு, நேத்து இழுத்தனிதானே எண்டு மெனேஜர் சொல்லுறார். முன்பக்கம் எழும்பாம மூக்கில கிடந்த பாரக்கட்டை நாலையும் கழட்டிப்போட்டினம். ஒண்டு ஒபிஸ் கதவு சாத்தாம இருக்க அண்டை. மற்ற மூண்டும் கொப்பறாப் படங்கு பறக்காம அதுக்கு மேல. மிசின் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுது."

"நீயும் ஆட்டுக்குட்டி மாதிரித்தான் ஓட்டுறாய்" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

பதினைந்து நாளில் செய்தேன். கராஜ் முடிந்து வந்து, இருட்டும் வரை. பழைய பற்றரித் துளைப்பான் ஒன்றின் வயிற்றை எடுத்து மிசினின் நடுவில் வைத்தேன். பல்சில்லுகளோடு மோட்டார். நல்ல இழுவை. முறிந்த கொழுவியின் மொட்டைத் துண்டைச் செய்தேன். மேலே சங்கிலி கட்டிய வளையத்தைச் செய்தேன். உடைந்த வலப்பக்க லைற்றையும் உடைந்தபடியே செய்தேன்.

தங்கச்சி வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சீற் நிறம் உது இல்லை."

"அப்ப என்ன நிறம்?"

"நான்தானே உறை தைச்சுக் குடுத்தது. ஊதாப் பூ." உள்ளே போய்த் துணித் துண்டோடு வந்தாள். "மிச்சம் கிடக்கு. வெட்டுங்கோ."

"இவ்வளவு வேண்டாம். ரெண்டு விரல் போதும்."

"ஆளையும் செய்யப் போறீங்களோ?"

"இல்லை."

"செய்ய வேண்டாம்" என்றாள். "நீங்கள் செய்தால் மூக்குப் பிழைக்கும்."

அன்றைக்குத்தான், அவன் செத்த பிறகு, அவள் வாயில் ஒரு பகிடியைக் கேட்டேன்.

கடைசியில் ஓடவிட்டுப் பார்த்தேன். சுவிச்சைப் போட்டவுடன் முன்சில்லு இரண்டும் துள்ளின. பின்னால் மோட்டார் பாரம், முன்னால் வெறும் டின். நிற்கிறபோதே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் கையால் போன ஒரு மிசினும் அப்படி நின்றதில்லை. நாலு சில்லும் நிலத்தில் பதிந்து நிற்க வேண்டும். பார்க்கிறவன் இது நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்போம், வலை பொத்திக்கொண்டிருந்தார். கடிதம் வாசித்துத் தந்தவர் அவர்தான்.

"நானா, வலைக்குப் போடுற ஈயக்குண்டு கிடக்கோ?"

"என்னத்துக்கு தம்பி, மீன் புடிக்கப் போறீங்களா மிசின்ல?"

"மூக்குப் பாரம் காணாது."

"எடுங்க. எத்தின வேணும்னாலும் எடுங்க. மையித்து ஊட்டுச் சாமான், நான் கணக்குப் பாக்க மாட்டேன்." செத்த வீடு என்றபடியால் காசு வாங்கவில்லை.

முகப்பைத் திறந்து உள்ளே குண்டுகளை அடுக்கினேன். பைபர் பசை ஊற்றினேன். மூடிப் பூட்டினேன். மிசின் நின்றது. என்ன மாதிரி நின்றது. நானா எழும்பி வந்து சுற்றிப் பார்த்து, "பெரிய மிசின் கூட இப்புடி நிக்காது" என்றார்.

அவர் சரியாகத்தான் சொன்னார். எனக்கு அது புகழ்ச்சியாகக் கேட்டது.

இனி விறாந்தை. கம்பனி ஆள் விசாரிக்க வந்த நாள்.

கம்பனி ஆள் மிசினைத் தூக்கிப் பார்த்தார். சில்லை விரலால் சுழற்றினார். சிங்களத்தில், நல்ல பொம்மை, எங்கே வாங்கியது என்று மெனேஜரிடம் கேட்டார். எனக்குச் சிங்களம் விளங்கும். பொம்மை இல்லை, நான் செய்தது, அளவுக்குச் செய்தது என்று சிங்களத்திலேயே சொன்னேன். என்ன அளவு என்றார். சாணுக்கு ஒரு விரல் என்றேன். மெனேஜர் சிரித்தார். கம்பனி ஆளும் சிரித்தார். அதைப் பைலில் எழுதிக்கொண்டார்.

"சரி பாஸ், காட்டுங்க" என்றார் மெனேஜர். "ஐயாவுக்கு ரயில் இருக்கு." மெக்கானிக்கை இந்தப் பக்கம் பாஸ் என்பார்கள்.

பலகையில் மரம் தேய்க்கிற மண் கடதாசி ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன், சில்லு வழுக்காமல் இருக்க. ஒரு முனையில் பெரிய ஆணி. அதுதான் தென்னங்கட்டை. சாவிக்கொத்துச் சங்கிலியை ஆணியில் மாட்டி, மற்ற முனையை மிசினின் மேல் வளையத்தில் மாட்டினேன். முறிந்த கொழுவியைத் தொட்டுக் காட்டினேன். "இது எட்டு மாசமா இல்லை. அதால மேல கட்டச் சொன்னவை. மேல கட்டினால் கவிழும். பாருங்கோ."

சுவிச்சைப் போட்டேன்.

சங்கிலி இறுகியது. பின்சில்லு மண் கடதாசியைக் கிழித்தது. முன்பக்கம் இரண்டு விரல் எழும்பியது. பிறகு பதிந்தது.

மறுபடி போட்டேன். இரண்டு விரல். பதிந்தது.

மூன்றாம் தரம் கையால் சங்கிலியைச் சரிசெய்துவிட்டுப் போட்டேன். சில்லு சுற்றியது. றப்பர் மணம் வந்தது. மிசின் நாலு சில்லிலும் நின்றது. நான் செய்த மாதிரியே நின்றது.

தங்கச்சி படியில் இருந்து எழும்பி நின்றாள்.

"கவிழேல்லையே பாஸ்" என்றார் மெனேஜர். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் மோசம். "மேல கட்டினாலும் மிசின் கவிழாதெண்டு நீங்களே காட்டிப்போட்டீங்க. அப்ப மிச்சம் என்ன? ஓட்டினவர்."

கம்பனி ஆள் எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். உறவினரால் மாதிரி ஒன்று செய்து காட்டப்பட்டது. மூன்று முறை. கவிழவில்லை.

அப்போதுதான் எனக்கு ஈயம் ஞாபகம் வந்தது. அதைப் போட்ட பிறகு சங்கிலியில் இழுத்துப் பார்க்கவே இல்லை.

முகப்பைப் பிடித்து இழுத்தேன். திருகாணி கழற்ற நேரமில்லை. டின் மடிந்தது, என் விரல் வெட்டியது. சட்டைப்பையில் கிடந்த குறட்டால் குண்டுகளைப் பிடுங்கினேன். பசை பிடித்திருந்தது. ஒன்று வந்தது, மேசையில் உருண்டது. கம்பனி ஆள் பைலை மூடி எழும்பினார்.

"அதைக் களட்டினா அது வேற மிசின் பாஸ்" என்றார் மெனேஜர். "கொண்டு வந்ததைத்தான் நாங்க பாக்கலாம்."

வேற மிசின்தான். உங்கள் மிசின்தான் அது. மூக்குப் பாரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்ன மிசின். பாரம் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் கவிழும், அதைத்தான் இப்போது நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், அரைவாசியைப் பார்த்தீர்கள், மற்ற அரைவாசியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இவ்வளவும் எனக்கு இப்போது சொல்லும்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "நில்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன். "நில்லுங்கோ. நில்லுங்கோ." மாட்டுக்குச் சொல்கிற மாதிரி.

ஒபிஸ் கதவுக்கு அண்டையாகக் கிடந்த இரும்பை மெனேஜர் காலால் தள்ளினார். கதவைச் சாத்திப் பூட்டினார். மிசினின் பாரக்கட்டை அது. பாதி சிவப்புப் பெயின்ற் அதில் இன்னும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கங்காணி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதமும் மிசினுக்குப் பக்கத்தில் நின்றவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கம்பனி ஆளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து வான் புறப்பட்டது. அவர் கேற்றைத் திறந்துவிடப் போனார்.

பஸ்ஸில் தங்கச்சி ஜன்னல் பக்கம் இருந்தாள். மடியில் மிசின்.

"ஏன் அண்ணை ஈயம் போட்டனீங்கள்?"

"வடிவுக்கு."

"வடிவுக்கோ."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பனிக்கு நானாவைக் கொண்டு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வரவில்லை. மற்றதற்கு வந்தது. விசாரணையின்போது உங்களாலேயே காட்டப்பட்ட செய்முறை என்று இருந்தது. எங்களுடைய சாட்சியே அவர்களுக்குச் சாட்சி. அந்தக் கடதாசியில் முதலில் ஒரு சொல்தான் மச்சானுக்கு எதிராக இருந்தது. நான் போய் ஒரு பந்தி சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கிழமை யாரோ மாம்புரியில் மிசின் செய்யக் கேட்டு வந்தார். தெருவில் வைத்தே போகச் சொன்னேன். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நேரம், கங்காணி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. மச்சானின் சேட்டு, செருப்பு, தண்ணீர்ப் போத்தல். கொட்டிலில் கிடந்ததாம்.

"குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் பிள்ளை" என்றார்.

தங்கச்சி பையை வாங்கினாள். கதிரையை இழுத்து முற்றத்து வேப்பமர நிழலில் போட்டாள்.

"இருங்கோ."

"இல்ல பிள்ளை, பஸ்..."

"இருங்கோ எண்டு சொன்னனான்."

அவர் இருந்தார். அவள் உள்ளே போய்ப் பலகையையும் பற்றரியையும் மிசினையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். மிசினின் முகப்பு கிழிந்தபடியே இருந்தது. பசையைச் சுரண்டி மிச்சக் குண்டுகளை எடுத்தேன். எடுத்த குண்டுகளை ஒரு துணியில் முடிந்து, முதலில் மூக்கில் கட்டினேன்.

"இது பாரக்கட்டையோட" என்றாள் தங்கச்சி.

மேல் வளையத்தில் சங்கிலி. இருபது தரம் இழுத்தேன். ஒரு தரமும் கவிழவில்லை. முடிச்சை அவிழ்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வைத்துக்கொண்டார்.

"இது உங்கட தோட்டத்து மிசின்" என்றாள்.

சுவிச்சைப் போட்டேன். மூக்கு எழும்பியது. நிற்கவில்லை. நேரே எழும்பி, பின்னுக்குப் போய், ஊதாப் பூச் சீற் பலகையில் அடிபட விழுந்தது. ஒரு கண் மூடித் திறக்கிற நேரம்.

கங்காணி எழும்பப் பார்த்தார். "போதும் தம்பி. எனக்குத் தெரியும்."

"தெரியுமெண்டா ஏன் அண்டைக்கு வாயைத் திறக்கேல்லை?" என்றாள் தங்கச்சி.

"எனக்கும் வீடு வாசல் இருக்குப் பிள்ளை. நான் வாயத் திறந்தா அடுத்த நாள் வேல இல்ல."

"வேலை. செத்தவருக்கும் வேலைதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "வாயைத் திறக்க வேண்டாம் கங்காணியார். எண்ணுங்கோ. எண்ணுறதுதானே உங்கட வேலை. காய் எண்ணுற மாதிரி எண்ணுங்கோ."

நிமிர்த்தி வைத்தேன். போட்டேன். விழுந்தது.

"ரெண்டு" என்றார் கங்காணி.

நிமிர்த்தினேன். போட்டேன். விழுந்தது.

"மூணு."

நானா வேலிக்கு அந்தப் பக்கம் வலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஏழாவதில் ஸ்டியரிங் மடிந்தது. பதினொன்றில் புகைக்குழாய் முறிந்தது. நான் நிறுத்தவில்லை. பதினைந்து நாள் வேலை. என் கையாலேயே உடைத்தேன். கங்காணியின் குரல் குறைந்துகொண்டு வந்தது. தங்கச்சி, "கேக்கேல்லை" என்றாள். அவர் உரத்துச் சொன்னார்.

முடிந்ததும் அவள் பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றையைக் கிழித்துக் கொடுத்தாள். பேனையும் கொடுத்தாள். அவர் எழுதினார். கீழே கையெழுத்து வைத்தார். பஸ்ஸுக்குப் போனார்.

ஒற்றை தங்கச்சியிடம் இருக்கிறது. கம்பனிக் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் அவர் எழுதியது இவ்வளவுதான்:

பாரத்தோடு இழுத்தது இருபது. கவிழவில்லை. பாரம் இல்லாமல் இழுத்தது இருபது. ஒரு தரம் வயர் கழன்றது. கவிழ்ந்தது பத்தொன்பது.